வாய்க்காலில் குதிக்கும் சிறுவன்: ஓவியத்தைக் கழற்ற வேண்டுமா?

வணக்கம். காலிங்கராயன் வாய்க்காலில் அரைஞாண் கயிறு மட்டும் கட்டியபடி குதிக்கும் சிறுவனைத் தாங்கள் வரைந்த ஓவியத்தை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கு வந்துவிடும் என்றஞ்சி ஈரோட்டு மண்டப உரிமையாளர் கண்காட்சியிலிருந்து கழற்றச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். (அப்படிக் குதிக்காமல் வளர்ந்த ஆண்பிள்ளை நம் பக்கம் அன்று அரிது.)

2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 13ஆம் பிரிவு, பாலியல் இன்பத்துக்காகக் குழந்தையை ஊடகத்தில் பயன்படுத்துவதைத்தான் குற்றமாக்குகிறதே தவிர, உடையின்மையை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டவில்லை. தன் மேலுடலில் பிள்ளைகளை வண்ணம் தீட்டச் செய்து காணொளி வெளியிட்ட தாய் ஒருவரை 2023இல் வழக்கிலிருந்து விடுவித்த கேரள உயர் நீதிமன்றமும், நிர்வாணமும் ஆபாசமும் ஒன்றல்ல என்றே கூறியது.

ஆனால் தாங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது: கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்ததாகவும், முகம் அச்சு அசலாக அமைந்ததாகவும் பெருமைப்படுகிறீர்கள். அந்தப் பையனின் பெற்றோரைக் கேட்டீர்களா? நாளை அவன் பள்ளித் தோழர்கள் அதைப் பார்த்துச் சிரித்தால், சட்டம் தங்கள் பக்கம் இருப்பது அவனுக்கு எவ்விதத்தில் உதவும்? ஓவியத்தைக் கழற்ற வேண்டாம். முகத்தை மட்டும் அடையாளம் தெரியாதபடி மாற்றித் தீட்டுங்கள், கைப்பேசியிலுள்ள படத்தை அழித்துவிடுங்கள், பழைய வடிவத்தை இன்ஸ்டாகிராமில் ஏற்றாதீர்கள். அதன்பிறகும் மண்டபத்தார் மறுத்தால், அது அவருடைய இடம்; வேறு கூடம் பார்ப்பதே முறை.