கல்யாணத்துக்குள் 15 கிலோ குறையுமா?
வணக்கம் சகோதரி. 82 கிலோ எடை, இரண்டு மாதத்தில் கல்யாணம், அதற்குள் 15 கிலோ குறைய வேண்டும். ராத்திரி பட்டினி கிடந்ததில் முதல் வாரம் 2 கிலோ இறங்கியது, அப்புறம் முள் நகரவேயில்லை என்கிறீர்கள். இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். அதனால் வாரம் அரை கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ. கல்யாணத்துக்குள் 5 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், நடக்கும்.

தயவுசெய்து ராத்திரிப் பட்டினியை நிறுத்துங்கள். பட்டினி கிடந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டலாம், உங்களுக்கு அது முகூர்த்த நேரம். பித்தப்பைக் கல் ஆபத்தும் உண்டு. இரண்டு இட்லி, பருப்பு தூக்கலான சாம்பார் சாப்பிடுங்கள். வாரம் ஒருமுறை மட்டும், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதவிடாயை ஒட்டிக் கொஞ்சம் கூடக் காட்டினால் பயப்படாதீர்கள். ரவிக்கைக்கு மட்டும் கடைசியில் அளவு கொடுங்கள்.