கொரோனாவுக்குப் பிறகு வேலையைப் பற்றிய உங்கள் எண்ணம் மாறியதா? வேலையில் திருப்தி கூடியிருக்கிறதா?

மாறியது. ஆனால் "வாழ்க்கையின் அருமை புரிந்துவிட்டது" என்று பலரும் எழுதுகிறார்களே, அந்த அளவுக்கெல்லாம் இல்லை. நான் இருக்கும் ஐ.டி. துறையில் பாதி மாற்றத்துக்குக் காரணம் மனசு இல்லை, மார்க்கெட்.

2020 ஊரடங்கில் லேப்டாப்போடு ராஜபாளையம் போய்ச் சேர்ந்தேன். வேளச்சேரி வாடகை மிச்சம், சோழிங்கநல்லூர் சிக்னலில் கழியும் சாயங்காலமும் மிச்சம். அதே சம்பளம் திடீரென்று பெரிய சம்பளமாகிவிட்டது. அதுவரை சம்பள ஹைக் எவ்வளவு, வெளிநாட்டு ஆன்சைட் கிடைக்குமா என்பதுதான் என் கணக்கு. எந்த ஊரில் இருந்து சம்பளம் வாங்குகிறோம் என்பதும் அதில் சேர்ந்தது அப்போதுதான். வேலை மட்டும் மோசமானது. "வீட்ல தானே இருக்கீங்க" என்று ராத்திரி பத்து மணிக்கும் கால் போடுவார்கள். "அந்தப் பொட்டிய மூடவே மாட்டியாடா?" என்பாள் அம்மா. ஆக, இருக்கும் இடத்தில் திருப்தி, செய்யும் வேலையில் எரிச்சல். இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் போட என்னால் முடியாது.

அடுத்து வந்தது, ஆளாளுக்கு ராஜினாமா பேப்பர் போட்ட காலம். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸின் அட்ரிஷன், அதாவது ஒரு வருஷத்தில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம், 28.4 சதவீதம். தலைமுறையே மாறிவிட்டது, பணத்தை விட நிம்மதிதான் முக்கியமாம் என்றெல்லாம் பேசினார்கள். நிம்மதி தேடிப் போனதாகச் சொன்ன என் நண்பர்கள் பலரும் போனது, கூடுதல் சம்பளம் தந்த இன்னொரு கம்பெனிக்கு! 2024 மார்ச்சில் அதே இன்ஃபோசிஸில் அட்ரிஷன் 12.6. இரண்டே வருஷத்தில் எல்லோருக்கும் வேலை பிடித்துப்போய்விட்டதா என்ன? வெளியே ஆள் எடுப்பது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். 2023 அக்டோபரில் டி.சி.எஸ். வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் என்றபோது, முணுமுணுத்துக்கொண்டே போனவர்கள்தான் அதிகம்.

இதெல்லாம் பேரம் பேச முடிந்தவர்களின் கதை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த ஊரில் உட்கார்ந்து வேலை செய்வது என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்த 2021இல்தான், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது.

எனக்குள் தங்கிய மாற்றம் ஒன்று உண்டு. ஹெச்.ஆர். பேசினால் முதல் கேள்வி, வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ் என்பதுதான். இரண்டு நாள் என்றால் மேற்கொண்டு பேசுவேன். ஐந்து நாள் என்றால், அதற்கு எவ்வளவு கூட்டித் தருவீர்கள் என்று கேட்பேன்.