திருக்கைக் குடலில் நாடாப்புழு: புதிய இனம்தானா?

முதுநகர் துறைமுகத்தில் வாங்கும் திருக்கைகளிலிருந்து எடுக்கும் புழுக்கள் சுருங்கியோ உப்பியோ போகின்றன. என்ன தவறு? (முதுகலை மாணவி, கடலூர்)

தங்குகடல் (கடலில் பல நாள் தங்கிப் பிடிப்பது) போய்வந்த படகின் ஐஸ் மீனை வாங்கியிருப்பீர்கள். அதில் புழு செத்து மேல்தோல் உரிந்துபோயிருக்கும். அன்றே போய் அன்றே திரும்பும் படகின் மீனைக் கேட்டு வாங்குங்கள். உப்பிப்போவதற்குக் காரணம் குழாய்த் தண்ணீர். கடல்மீன் புழு அதில் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். கடல்நீரில்தான் அலச வேண்டும்.

சுருள்குடலை நீளவாக்கில் திறந்து, புழு நெளியும்போதே ஒரு சீசாவில் கொஞ்சம் கடல்நீரோடு விடுங்கள். கொதிநிலையை நெருங்கிய கடல்நீரை அதில் ஊற்றிக் குலுக்கினால் புழு சுருங்காமல் நீண்ட வாக்கிலேயே இறக்கும். அதன்பின் ஒரு நாள் ஃபார்மலின்: கடைச்சரக்கு 1 பங்கு, கடல்நீர் 9 பங்கு. பிறகு 70% எத்தனால். டிஎன்ஏவுக்கு ஒதுக்கும் புழு ஃபார்மலின் பக்கமே போகக்கூடாது. உயிரோடு நேராக 95% எத்தனாலுக்குள் போக வேண்டும். பின்னர் அதன் நடுத்துண்டை மட்டும் டிஎன்ஏவுக்கு எடுத்து, தலையையும் வால்முனையையும் சாயமேற்றிச் சான்றாக வையுங்கள்.

சாயமேற்றிய புழு, அதைத் தெளிவாக்கப் பயன்படுத்தும் மெத்தில் சாலிசிலேட்டில் பால்போல் மங்குகிறது.

உள்ளே நீர் மிச்சமிருக்கிறது. 100% எத்தனாலுக்குத் திரும்பி, இருமுறை மாற்றிவிட்டு வாருங்கள்.

தலையில் நான்கு பற்றுறுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி கவைக்கொக்கிகள். அகாந்தோபோத்ரியம் என்ற நாடாப்புழுப் பேரினம் என்று தெரிகிறது. புதிய இனமென்று அறிவிக்கலாமா? (ஆய்வாளர், புதுச்சேரி)

பொறுங்கள், இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் இருக்கின்றன. எல்லாவற்றோடும் ஒப்பிடத் தேவையில்லை. கோஷ்ராய், கைரா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2001இல் வகுத்த முறை வழிகாட்டும். நீளம் 15 மி.மீ.க்கு மேலா, கண்டங்கள் (உடலின் துண்டங்கள்) 50க்கு மேலா, ஒரு கண்டத்தில் விந்தகங்கள் 80க்கு மேலா, சூலகத்தின் இரு கைகளும் சமமா என்ற நான்கு கேள்விகளில் உங்கள் புழு விழும் பிரிவோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். விந்தகங்களை முதிர்ந்த கண்டங்களில்தான் எண்ண வேண்டும். அடர்சாயத்தில் அவை ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்து கணக்கு தப்பும். 1% அமில எத்தனாலில் சாயத்தை வெளுத்துவிட்டு எண்ணுங்கள். ஒரே ஒரு புழுவை நம்பிப் பெயர் வைக்காதீர்கள். அளவு இனத்துக்குள்ளேயே மாறுவதைப் பார்க்க முதிர்ந்த புழுக்கள் பல வேண்டும்.

பழைய பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். ஷிப்லி, ஹார்னெல் என்ற ஆய்வாளர்கள் இலங்கை முத்துப் படுகைப் பகுதியில் 1900களின் தொடக்கத்தில் விவரித்தவை நம் கரையிலும் கிடைக்கக்கூடியவை.

மீனின் பெயரை ஏலக்கூடத்தில் சொல்வதுபடியே எழுதலாமா?

கூடாது. ஆய்வு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ‘புள்ளித் திருக்கை’ என்ற ஒரே பெயரில் பல இனங்கள் வருகின்றன. 2016இல் திருக்கைக் குடும்பமே புதிய பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது. இந்தப் புழுக்களில் பல ஓரிரு மீன் இனங்களில் மட்டுமே வாழ்பவை. மீன் தவறினால் எல்லாம் தவறு. முதுகு, வயிறு, வாய், வால் என நான்கு படங்கள் எடுத்து, ஒரு சிறு தசைத்துண்டை எத்தனாலில் போட்டு, புழுச் சீசாவுக்குக் கொடுத்த எண்ணையே கொடுங்கள். வேளாச்சுறா சட்டப் பாதுகாப்பில் உள்ளது. வலையில் செத்து வந்தாலும் அனுமதியின்றித் தொடாதீர்கள்.

வஞ்சிரத் துண்டில் அரிசிபோல் வெள்ளையாக இருக்கிறது. சாப்பிடலாமா? (இல்லத்தரசி, தேங்காய்த்திட்டு)

பெரும்பாலும் சுறாவின் குடலில் போய் முதிரவேண்டிய நாடாப்புழுவின் இளம்பருவம் அது. மனிதக் குடலில் வளராது. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு நன்றாக வேகவையுங்கள்.