எக்ஸ்ரேயில் தெரியும் 'முள்': முதுகெலும்பு பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: தையல் தொழில் செய்கிறேன், வயது 58. முதுகு எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முள் வளர்ந்திருக்கிறது என்றார்கள். காலில் வலி இல்லை, இடுப்பில் மட்டும்தான். அந்த முள் நரம்பைக் கிழித்துவிடுமோ என்று தூக்கமே வருவதில்லை. (ஈரோடு வாசகர்)

பதில்: 'முள்' என்ற சொல்தான் உங்களைப் பயமுறுத்துகிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அது கிளி மூக்கு மாதிரி வளைந்து கூராகத் தெரியும். உண்மையில் பானையின் வாய் விளிம்பு போல வெளியே மடிந்த எலும்பு அது. எதையும் கிழிக்காது.

அது ஏன் வளர்கிறது? இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் டிஸ்க்கை நம் ஊரில் ஜவ்வு என்பார்கள். வயதாக ஆக அது நீர்ச்சத்து வற்றிச் சப்பையாகிறது. அதனால் எலும்புகள் லேசாக ஆட்டம் காண்கின்றன, விளிம்பில் ஒட்டியிருக்கும் நார்கள் இழுபடுகின்றன. அந்த இடத்தில் உடம்பு புது எலும்பைப் போட்டு அடியை அகலப்படுத்துகிறது. ஆடுகிற பந்தக்காலுக்கு மண் அணைப்பது போலத்தான் இதுவும்.

சிலர் ரிப்போர்ட்டில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுக்கொண்டு வருவார்கள். நான் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வலிக்கிற இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்றுதான் தொடங்குவேன். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. எலும்பின் முன்பக்கம் வளரும் முள்ளால் பெரும்பாலும் தொந்தரவே கிடையாது. பின்பக்கம், நரம்பு வெளியே வரும் துவாரத்தை ஒட்டி வளர்ந்தால்தான் புட்டத்திலிருந்து கால்வரை வலி சுரீரென்று இறங்கும்.

உங்களுக்கு அது இல்லை. குனிந்தே மெஷின் மிதிக்கும் முதுகு அசந்துபோயிருக்கிறது என்றே நினைக்கிறேன். அரை மணிக்கொரு முறை எழுந்து, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்துவிட்டு நாலடி நடங்கள்.

கேள்வி: எலும்பு அதிகமாக வளர்ந்திருப்பதால் பால், தயிர், கால்சியம் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: வேண்டாம். சாப்பிடுகிற கால்சியம் போய் முள்ளாக வளர்வதில்லை. பாலையும் தயிரையும் நிறுத்தினால் மற்ற எலும்புகள்தான் பலவீனமாகும். மாத்திரை தொடர வேண்டுமா என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், முள்ளைக் கரைக்கும் தைலம், லேகியம் என்று எதுவும் கிடையாது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. தெருமுனை வரை நடப்பதற்குள் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகிறது. திண்ணையில் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. கோயிலில் வரிசையில் நிற்கவே முடிவதில்லை.

பதில்: நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. முள், தடித்த நார், பிதுங்கிய டிஸ்க் எல்லாம் சேர்ந்து நரம்புகள் போகும் பாதையைக் குறுக்கிவிடும். நிமிர்ந்தால் பாதை இன்னும் இறுகும், உட்கார்ந்தாலோ குனிந்தாலோ விரியும். அதனால்தான் இவர்களில் பலர் நடக்கத் திணறுவார்கள், சைக்கிளை மட்டும் சிரமமில்லாமல் மிதிப்பார்கள். கால் ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் வலி வரும். ஆனால் அது சும்மா நின்றாலே குறைந்துவிடும், உட்கார வேண்டியதில்லை. சர்க்கரை நோய் இருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும். பாத நாடியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் உடற்பயிற்சியும் மருந்தும்தான். நடக்கும் தூரம் மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வந்தால், பாதையை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். வயதைச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 60 வயது. கழுத்தைத் திருப்ப முடியாது, முதுகு மரக்கட்டை போல விறைத்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. இதுவும் தேய்மானம்தானா?

பதில்: ஊரைச் சொன்னதும் நான் கேட்க நினைப்பது, எத்தனை வருடம் போர்வெல் தண்ணீர் குடித்தார் என்பதைத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதிக அளவில் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பு அடர்ந்து வெளுக்கும், முதுகெலும்பைக் கட்டியிருக்கும் நார்களே எலும்பாகிவிடும். இந்தியாவில் இந்த நோய் முதலில் 1937-ல் நெல்லூர்ப் பகுதியிலிருந்து பதிவானது. இங்கே 2013-லிருந்து ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவர் என்றால் அப்பாவின் பல்லைப் பாருங்கள், பழுப்புக் கறை இருக்கலாம். தண்ணீரையும் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிக்க மட்டுமல்ல, சோறு பொங்கவும் ஆற்று நீரோ ஆர்.ஓ. நீரோ வேண்டும். எலும்பாகிப்போனது திரும்பாது, ஆனால் மேலே ஏறாமல் தடுக்கலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்றே தண்ணீரை மாற்றுங்கள்.

கேள்வி: எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

பதில்: சிறுநீர் திடீரென அடைத்துக்கொண்டாலோ, தன்னை அறியாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். இரவானாலும் சரி. கழுத்தில் பிரச்சினை என்றால் அறிகுறி இவ்வளவு சத்தமாக வராது. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும், நடக்கும்போது கால் பின்னும், வலியே இருக்காது. வலி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். இதைக் கவனித்தால் அந்த வாரத்துக்குள் முதுகெலும்பு மருத்துவரைப் பாருங்கள்.