பெப்பு வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போகிறீர்களா?

கேள்வி: அடுத்த மாதம் கணவர், 8 வயது மகனோடு ஜப்பானின் பெப்பு நகருக்குப் போகிறோம். ஓட்டல் குளியலறை வேண்டாம், உள்ளூர்க்காரர்கள் போகும் சாதாரண வெந்நீர் ஊற்றுக்கே போகலாம் என்று ஆசை. நீச்சலுடை கூடாதாமே? என்னென்ன எடுத்துப்போக வேண்டும், எப்படிக் குளிக்க வேண்டும்?

பதில்: நீச்சலுடை, உள்ளாடை இரண்டுமே கூடாது. துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கவும் கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடம் முழுக்கத் தனித்தனி. 8 வயதுப் பையனை அப்பாவோடு அனுப்பிவிடுங்கள். ஏழு வயது ஆகிவிட்டால் எதிர்ப்பாலர் பக்கம் கூட்டிப்போகக் கூடாது என்பதுதான் 2020க்குப் பிறகு அங்கே பொதுவான அளவு. கூச்சம் முதல் இரண்டு நிமிடந்தான். உங்கள் உடம்பை யாரும் கவனிக்கப் போவதில்லை. கழுவிக்கொண்டு இறங்குகிறீர்களா என்பதை மட்டும் எல்லோரும் கவனிப்பார்கள்.

ஊர்க் குளியலறைகளில் சோப்பு, ஷாம்பு, துண்டு எதுவும் வைத்திருக்க மாட்டார்கள். சின்னத் துண்டு ஒன்று, பெரிய துண்டு ஒன்று, சோப்பு, குடிக்கத் தண்ணீர், சில்லறையாக 500 யென் போதும். கட்டணம் பெரும்பாலும் சில நூறு யென்னுக்குள் முடிந்துவிடும். ஆளில்லாத இடங்களில் உண்டியலில் போட வேண்டும், மீதி கிடைக்காது. சில குளியலறைகள் அந்தத் தெரு உறுப்பினர்களுக்கு மட்டுமே. பலகை புரியாவிட்டால் கேட்டுவிட்டு நுழையுங்கள். ஆண், பெண் என்பதற்கான ஜப்பானிய எழுத்துகளை முன்னாடியே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். வாசலில் நீலத் திரை ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு என்பது பொதுவழக்கம், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. உள்ளே போனதும் போனைப் பையில் போட்டுவிடுங்கள், வெளியே வரும்வரை எடுக்கவே கூடாது.

முதல் தடவைக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தாகெகவாரா குளியலறை பொருத்தம். 1879இல் தொடங்கியது, இப்போதுள்ள மரக்கட்டடம் 1938இல் கட்டியது. உடை மாற்றும் மேடையும் தொட்டியும் ஒரே கூடத்தில் இருக்கும், நடுவே தடுப்பில்லை. சில படி இறங்கினால் தண்ணீர். ஷவர் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். தொட்டி ஓரமாக உட்கார்ந்து, சின்ன வாளியால் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். சோப்பு நுரை ஒரு சொட்டும் தொட்டியில் விழாமல், வடிகால் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து குளியுங்கள். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வேண்டாம். நீளமான முடியைக் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள்.

தடுமாறுவது சூட்டில்தான். பெப்புவின் பழைய குளியலறைகளில் 42 முதல் 45 டிகிரி வரை போகும். நேரே இறங்கினால் ரத்தக் குழாய்கள் சட்டென விரிந்து தலை சுற்றும். அதனால் முதலில் பாதம், முழங்கால், இடுப்பு, தோள் என்று கீழிருந்து மேலாக எட்டு, பத்து வாளி ஊற்றுங்கள். பிறகு மெதுவாக இறங்கி, கழுத்துவரை அமர்ந்து அசையாமல் இருங்கள். அசையாமல் இருந்தால் தோலை ஒட்டிய நீர் கொஞ்சம் ஆறி ஒரு படலம்போல நிற்கும். கையைக் காலை ஆட்டினால் அது கலைந்து, அதே தண்ணீர் சுரீரென்று சுடும். பக்கத்தில் ஒருவர் இறங்கும்போது சட்டென்று சூடு ஏறுவதும் இதனால்தான்.

மூன்று நிமிடம் இருந்துவிட்டு விளிம்பில் உட்காருங்கள். ஆறியதும் இன்னொரு மூன்று நிமிடம். முதல் நாளுக்கு மொத்தம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எழும்போது விளிம்பைப் பிடித்து நிதானமாக எழுங்கள், மயங்கி விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பச்சைத் தண்ணீர்க் குழாய் இருந்தாலும் கேட்காமல் திறக்கக் கூடாது. சூட்டுக்காகவே வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். "மிஸு இரேத்தேமோ ஈ தெசு கா?" (தண்ணீர் கலக்கலாமா?) என்று கேட்டால், அநேகமாக அவர்களே திறந்துவிடுவார்கள். குடித்துவிட்டோ வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடோ போகாதீர்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம்.

வெள்ளி மெட்டி, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பெப்புவின் மியோபன் பகுதியில் கந்தக நெடி அடிக்கும் ஊற்றுகளில் வெள்ளி சில நிமிடத்திலேயே கறுத்துவிடும். கறுத்துவிட்டால், அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் கொதிநீரும் சமையல் சோடாவும் போட்டு ஊறவைத்தால் பெரும்பாலும் போய்விடும். பொன்தாலிக்குப் பெரும்பாலும் பயமில்லை.

மேடை ஏறும் முன் சின்னத் துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள். சொட்டச் சொட்ட ஏறி மரத்தரையை ஈரமாக்குவதுதான் வெளியூர்க்காரர்கள்மேல் உள்ளூர்க்காரர்களுக்கு உள்ள முக்கியமான குறை.

இவ்வளவு சொல்லியும் கூச்சம் விடவில்லையென்றால், குடும்பத்துக்கென மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனிக் குளியலறைகள் பெப்புவில் உண்டு. மூவரும் சேர்ந்தே குளிக்கலாம், செலவுதான் கூட.