ரெண்டர் முடிவதற்குள் மூடிக்கொள்ளும் மென்பொருள்: கேள்வி பதில்

காரைக்குடியில் எடிட்டிங் கணினிகளை அசெம்பிள் செய்து கொடுப்பதும், அவை படுத்துவிட்டால் எழுப்பிவிடுவதும் என் தொழில். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) ஓடும்போது எடிட்டிங் மென்பொருள் மூடிக்கொள்ளும் ஒரே நோயைப் பற்றியவை என்பதால், அவற்றுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (காரைக்குடி, கல்யாண வீடியோ எடிட்டர்): ஐயா, ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு, 6000 வேகத்தில் இரண்டு 32 ஜிபி ரேம் போட்டு எட்டு மாதங்களுக்கு முன் சிஸ்டம் கட்டினேன். பிறகு அதே ரேமில் இன்னும் இரண்டு வாங்கிச் சேர்த்தேன். சில வாரங்களாக ரெண்டர் ஓடும்போது மென்பொருள் தானாக மூடிக்கொள்கிறது. ஒரு நாள் 10ஆவது நிமிடம், மறுநாள் 50ஆவது நிமிடம். மூன்று முறை ஃபார்மட் செய்தும், மென்பொருளின் பழைய பதிப்பைப் போட்டும் பயனில்லை. ஒரு சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) வீடியோ பாதியில் நிற்கிறது.

பதில்: மூன்று முறை ஃபார்மட் செய்ததில் ஒரு நன்மை உண்டு, கோளாறு மென்பொருளில் இல்லை என்பதை நீங்களே ஏறக்குறைய நிரூபித்துவிட்டீர்கள். நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுகிறதா, இடம் மாறி மாறி விழுகிறதா? அதே இடம் என்றால் அங்குள்ள கிளிப்பையோ, எஃபெக்டையோ, எழுத்துருவையோ சந்தேகிக்க வேண்டும். இடம் மாறினால் சந்தேகம் ரேம், மின்சாரம், கார்டு ஆகியவற்றின் மேல் திரும்ப வேண்டும். உங்களுடையது இரண்டாவது வகை.

அடுத்து, விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ‘அப்ளிகேஷன்’ பகுதியைத் திறந்து, 1000 என்ற எண்ணுள்ள பிழைப் பதிவுகளைத் தேடுங்கள். மென்பொருள் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் எந்த மாட்யூலில் (நிரல் கோப்பில்) தவறு நேர்ந்தது என்று அதில் எழுதியிருக்கும். எப்போதும் ஒரே மாட்யூலின் பெயர் வந்தால் அந்தப் பெயரைப் பின்தொடரலாம். முறைக்கொரு பெயராக வந்தால், பெரும்பாலும் குற்றவாளி ரேம்தான்.

நீங்கள் ரேமைக் கூட்டிய செய்தியைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. இந்தப் பிராசசருக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் ரேம் வேகம் இரண்டு துண்டுகளுக்கு 5200. நான்கு துண்டுகள் போட்டால் 3600 மட்டுமே. பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருப்பது, பயாஸில் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரலில்) எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கி எட்டிப்பிடிக்கும் வேகம். இரண்டு துண்டுகளில் அது பெரும்பாலும் நின்றுவிடும். நான்கில், சாதாரண வேலையில் ஒன்றும் தெரியாமல் இருந்து, ரெண்டரின்போது ரேம் நிரம்பியதும் காலை வாரிவிடும்.

ஆகவே பயாஸில் எக்ஸ்போவை நிறுத்திவிட்டு அதே புராஜெக்டை அதே அமைப்புகளோடு இரவு முழுவதும் ரெண்டர் செய்யுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். டிரைவரையும் ரேமையும் ஒரே நாளில் மாற்றினால், எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. எக்ஸ்போவை நிறுத்திய பிறகு முதல் முறை கணினி இயங்கும்போது, பல நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். புதிய வேகத்துக்கு ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பதறிப்போய் பவரை அணைத்துவிட்டு என்னிடம் தூக்கிவந்தவர்கள் பலர்.

கேள்வி (கானாடுகாத்தான்): எங்கள் பழைய வீட்டின் முகப்பு அறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மோட்டார் ஓடத் தொடங்கினால் சிஸ்டம் முழுவதும் ரீஸ்டார்ட் ஆகிறது. 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது.

பதில்: மென்பொருள் மட்டும் மூடுவது வேறு, இயந்திரமே அணைந்து எழுவது வேறு. ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருந்தால், முறையாக மூடாமலேயே கணினி நின்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. 600 விஏ யுபிஎஸ் பொதுவாக ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3090 போன்ற கார்டு ஒன்றே 350 வாட் கேட்கும். மோட்டாரால் மின்னழுத்தம் சரிந்து யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில், பாரம் தாங்காமல் அது கைவிட்டுவிடுகிறது. சுர்ரென்பதற்குக் காரணம் எர்த் இல்லாதது: எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினியின் பவர் சப்ளையின்) உள்ளிருக்கும் வடிகட்டி கசியவிடும் சிறு மின்னோட்டம் இறங்க வழியில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. பர்மா தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரையும் எவ்வளவு அழகாக இருந்தாலும், மரச்சட்டத்தில் ஓடும் இரண்டு கம்பி வயரிங் ஸ்டுடியோவுக்கு உதவாது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழி தோண்டி, அந்த அறைக்குத் தனி இணைப்பு இழுத்த பிறகே பெரிய யுபிஎஸ் வாங்குங்கள்.

கேள்வி (புதுவயல்): மதியத்தில் ரைசன் 7950எக்ஸ் பிராசசர் 95 டிகிரியைத் தொடுகிறது. அதனால்தான் மென்பொருள் விழுகிறதா?

பதில்: ரைசன் 7950எக்ஸ் 95 டிகிரி வரை செல்லும்படியே வடிவமைக்கப்பட்டது, அதை எட்டியதும் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும். ஆனாலும் அரிசி ஆலைத் தூசி படியும் ஊர் என்பதால், மாதம் ஒரு முறை விசிறிகளைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு புளோயர் வைத்து ஊதுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): இன்டெல் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்களில் குறை உண்டு என்கிறார்களே?

பதில்: உண்மைதான். மேசைக் கணினிக்கான அந்தச் சில்லுகள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு நாளடைவில் நலிவடைவதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் திருத்தங்களைப் பெற பயாஸை இன்றே புதுப்பித்துவிடுங்கள். ஏற்கெனவே நலிந்த சில்லைத் திருத்தம் மீட்காது. உத்தரவாதத்தில் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி (குன்றக்குடி): திருவிழா வீடியோவில் 14ஆவது நிமிடத்தில் மட்டும் விழுகிறது.

பதில்: டைம்லைனைப் பாதியாக வெட்டித் தனித்தனியே ரெண்டர் செய்யுங்கள், விழும் பாதியை மீண்டும் பாதியாக்குங்கள். ஐந்தாறு வெட்டில் கிளிப் சிக்கிவிடும். யாரோ கைபேசியில் எடுத்து அனுப்பியதாக இருந்தால், அதை எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றிப் போடுங்கள்.

கேள்வி (மீண்டும் காரைக்குடி): எக்ஸ்போவை நிறுத்தியதும் இரண்டு இரவுகளாக விழவில்லை, ஐயா. அப்படியானால் கூடுதல் ரேம் வாங்கிய பணம் வீணா?

பதில்: வீணில்லை. நான்கையும் வைத்துக்கொண்டு 3600இல் ஓட்டலாம்; அல்லது இரண்டைக் கழற்றி, மீதி இரண்டையும் பிராசசரிலிருந்து எண்ணினால் 2, 4ஆவது ஸ்லாட்டுகளில் பொருத்தி மீண்டும் 6000 வைக்கலாம். அப்படிச் செய்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிட்டு, ஒரு பிழைகூட இல்லை என்று பார்த்த பிறகே வேலையை ஏற்றுங்கள். 4கே கல்யாண வீடியோவுக்கு 64 ஜிபி போதும் என்பது என் கருத்து. ஆனால் இதையெல்லாம் சாந்திக் கல்யாண வீடியோவைக் கொடுத்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை எக்ஸ்போ நின்றபடியே இருக்கட்டும்.