பிராந்திய ராணுவப் பணி முடிந்து வந்தால் வேலை இல்லை என்கிறார்கள்

கேள்வி: கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஒன்பது வருடமாக ஸ்டோர் கீப்பர் நான். வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் சேவை செய்யும் பிராந்திய ராணுவத்தில் சிப்பாயாகவும் இருக்கிறேன். பட்டாலியனுக்கு எம்பாடிமென்ட் ஆர்டர் (முழுநேரப் படைப்பணிக்கு அழைக்கும் உத்தரவு) வந்தபோது முதலாளியே சால்வை போட்டு அனுப்பினார். "பி.எஃப். கணக்கை முடிக்கணும், சும்மா ஒரு ராஜினாமா லெட்டர் கொடுங்க, வந்ததும் சேர்த்துக்கறோம்" என்றார்கள். கொடுத்தேன். திரும்பி வந்தால் காலியிடம் இல்லையாம். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் என் இடத்தில் இருக்கிறான். என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நாட்டுக்காகப் போனவனுக்கு இதுதான் மரியாதையா?

பதில்: சால்வை, கேட், அந்தப் பையன் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். உங்கள் வருத்தம் நியாயம்தான், ஆனால் வழக்குக்கு உதவாது. அந்தப் பையனை எழுப்பிவிட்டு உங்களை உட்காரவைக்கச் சட்டம் சொல்லவும் இல்லை. நீங்கள் போகாமல் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாத வேலையைத் தர வேண்டும் என்பதுதான் 1948 பிராந்திய ராணுவச் சட்டத்தின் 7ஏ பிரிவு.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த ராஜினாமா கடிதத்தில் என்ன தேதி இருக்கிறது?

ஆர்டர் வந்த பிறகு முதலாளி ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால், திரும்பச் சேர்க்கும் கடமையிலிருந்து தப்பிக்கத்தான் நீக்கினார் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு. ஆனால் அது நீக்கத்துக்கு மட்டும். உங்கள் கையெழுத்தில் ராஜினாமா இருந்தால் கதை தலைகீழ். "அவராகவே போனார்" என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அது நம்பவைத்து வாங்கிய கடிதம், உண்மையில் நடந்தது நீக்கம் என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். லேபர் கோர்ட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். தேதி ஆர்டருக்குப் பிந்தியது என்றால் வாதாட ஒரு பிடி இருக்கிறது. "வந்ததும் சேர்த்துக்கறோம்" என்பது வாட்ஸ்அப்பிலோ ஆடியோவிலோ இருந்தால் இன்னும் நல்லது.

இதில் விழுந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பி.எஃப். என்று சொல்லித்தான் கடிதம் வாங்குவார்கள். அந்தக் காரணமே தவறு. படைப்பணியில் இருக்கும் காலத்திலும் வருங்கால வைப்பு நிதி உரிமை தொடர 7பி பிரிவு வழி செய்கிறது. கணக்கை முடிக்க வேண்டிய அவசியமே கிடையாது. அடுத்தது ஃபுல் அண்ட் ஃபைனல் ரசீது. "இனி எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்ற வரிக்குக் கீழே படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியிருப்பார்கள். மூன்றாவது கோபம். "உங்க வேலையே வேண்டாம்" என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஹெச்.ஆருக்கு அனுப்பிய ஒரு மெசேஜ், மறுநாள் எதிர்த்தரப்பு ஆவணம். நீங்கள் இன்னும் அப்படி எதுவும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். வேலைக்குத் திரும்பத் தயார் என்று மட்டும், பணி முடிந்த தேதியைக் குறித்து, ஸ்பீட் போஸ்டில் இன்றே எழுதுங்கள்.

2025 மே மாதம் பிராந்திய ராணுவத்தினரைப் பணிக்கு அழைக்க ராணுவத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது. மொத்தமுள்ள 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ அழைக்கலாம், அந்த உத்தரவு 2028 பிப்ரவரி வரை செல்லும். உங்களோடு இருக்கும் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்: ஆர்டரின் நகலோடு விடுப்புக் கடிதம் கொடுத்தால் போதும், ராஜினாமா என்ற சொல்லே வரக்கூடாது.

சரி, முழுதாக ஜெயித்தால் என்ன கிடைக்கும்? 7ஏ பிரிவின்படி விசாரிக்கும் அதிகாரி மீண்டும் சேர்க்கச் சொல்லலாம், முதலாளிக்கு விலக்கும் தரலாம், இழப்பீடும் தரச் சொல்லலாம். இழப்பீட்டின் உச்சவரம்பு ஆறு மாதச் சம்பளம். உத்தரவை மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான். ஒரு கம்பெனியைப் பயமுறுத்தும் தொகை இல்லை இது. இதற்காக நீங்கள் வருடக்கணக்கில் அலைவதை நான் விரும்பவில்லை.

அதனால் சமரசம் பேசுங்கள். முதலில் பழைய சர்வீஸ் தொடர்ச்சியோடு வேலை கேளுங்கள். மறுத்தால் நான்கைந்து மாதச் சம்பளத்துக்கு வந்தாலும் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஒன்பது வருட கிராஜுவிட்டி தனி. ஐந்து வருடம் தாண்டியவருக்கு ராஜினாமா செய்தாலும் அது உண்டு. அதையும் சமரசத் தொகைக்குள் சேர்த்துக் கணக்குக் காட்டப் பார்ப்பார்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதாத பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள்.